7,500 ரூபாய் எந்தப் பக்கம்? ரிப்போர்ட்டில் ஸ்லாப் பிரிக்கிற வழிகள், ஓர் ஒப்பீடு

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள், அவர்களுக்கு மாதாமாதம் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. 2025 அக்டோபர் ரிப்போர்ட்டை அனுப்பிய மறுநாள் மேனேஜர் போன் செய்தார். "தம்பி, வளவைப் பார்த்த ரூமெல்லாம் பதினெட்டு பெர்சென்ட்டுல போய் உக்காந்திருக்கே, பில்லுல நாம அஞ்சுதானே போட்டோம்?"

வளவை, அதாவது நடுமுற்றத்தைப் பார்த்த அந்த ரூம்களுக்கு நாள் வாடகை சரியாக 7,500 ரூபாய். ஜிஎஸ்டியில் 7,500-ஐத் தாண்டினால்தான் 18 சதவீதம். 7,500 வரைக்கும், அந்த 7,500-உம் சேர்த்து, 2025 செப்டம்பர் 22-இலிருந்து 5 சதவீதம். நான் எழுதியிருந்த விலுக்கப் (எக்செல்லில் ஓர் எண்ணை அட்டவணையில் தேடிப் பொருத்துகிற ஃபார்முலா) அந்த எண்ணைத் தூக்கி மேல் ஸ்லாபில் வைத்திருந்தது. பில் போடுகிற சாஃப்ட்வேர் வேறு, அதில் எல்லாம் சரியாகவே இருந்தது, ஆகவே வாடிக்கையாளர் யாருக்கும் வரி கூடவில்லை. என் மானம்தான் கொஞ்சம் போனது.

அதற்கப்புறம் யார் வந்து "இந்தத் தொகையை ரேஞ்ச் ரேஞ்சாகப் பிரிச்சுக் காட்டணும், எதுல செய்யலாம், எக்செல்லா பவர் பிஐயா" என்று கேட்டாலும், கோட்டின் மேலேயே நிற்கிற எண் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். எந்த மென்பொருள் என்பதைவிட ஸ்லாபின் எல்லை எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை யார் மாற்ற முடியும் என்பதுதான் பெரிய விஷயம் என்பது என் அனுபவம். எழுதுவதற்கு நான்கு இடங்கள் இருக்கின்றன: மென்பொருளின் பட்டன், சம எண்ணிக்கைக் கணக்கு, ஃபார்முலா, தனி அட்டவணை. நான்கையும் நான் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரே வேலைக்கு அல்ல.

(பள்ளிக்கூடக் கணக்கில் இதற்குப் பிரிவு இடைவெளி என்று பெயர். கரண்ட் பில் புண்ணியத்தில் நமக்கெல்லாம் ஸ்லாப் என்றால்தான் புரியும். 500 யூனிட்டில் ஒரு கணக்கு, 501-இல் வேறு கணக்கு என்று வயிற்றெரிச்சலோடு கற்றுக்கொண்டது. நானும் ஸ்லாப் என்றே சொல்கிறேன்.)

உதாரணத்துக்குப் பத்தே பத்து பில் எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் ஓர் ஆச்சி பலகாரம் செய்து விற்கிறார்கள், தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம். அவர்கள் கடைக் கணக்கின் ஜாடையில் நான் ஜோடித்த பில்கள் இவை: 180, 240, 260, 350, 420, 500, 640, 1,150, 2,400, 86,000. கடைசியில் இருப்பது கல்யாண வீட்டுச் சீர்ப் பலகாரம். மொத்தம் 92,140 ரூபாய்.

முதல் வழி பட்டன். எக்செல் பைவட்டில் (டேட்டாவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டுகிற அட்டவணை) தொகை மேல் ரைட் கிளிக் செய்து குரூப் கொடுத்தால் எங்கே தொடங்க, எங்கே முடிக்க, எத்தனை எத்தனையாகப் பிரிக்க என்று மூன்று கட்டம் வரும், நிரப்பினால் முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐயில் பத்தியின் (column) மேல் நியூ குரூப், அதில் பின் (bin, நம் ஸ்லாப்தான்) என்று தேர்ந்தெடுத்தால் ஒரு பின்னின் அளவையோ மொத்த எண்ணிக்கையையோ கேட்கும். டேப்லோ என்கிற இன்னொரு ரிப்போர்ட் மென்பொருளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், கூடுதல் வசதியாக அளவை ஒரு பாராமீட்டரில் கட்டி, பார்க்கிறவரே மாற்றிப் பார்க்கும்படி விடலாம். அரை நிமிஷ வேலை. ஆனால் மூன்றுமே சம அகலத்தில்தான் வெட்டும். நம் பத்து பில்லை ஐந்து சம அகலமாக வெட்டினால் ஒரு ஸ்லாபுக்கு 17,164 ரூபாய் வரும். முதல் ஸ்லாபில் ஒன்பது பில், கடைசியில் ஒன்று, நடுவில் மூன்றும் காலி. சார்ட் போட்டால் இடது ஓரத்தில் ஒரு கம்பம், வலது ஓரத்தில் ஒரு குச்சி, நடுவில் பொட்டல்வெளி. வியாபாரக் கணக்கு பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கும், சின்ன பில் ஏராளம், பெரிய பில் ஒன்றிரண்டு. ஆகவே பட்டன் என்பது புதிதாக ஒரு டேட்டா கைக்கு வந்ததும் அதன் முகத்தைப் பார்க்க மட்டும்.

பட்டனில் வேறு சில சில்லறைத் தொல்லைகளும் உண்டு. தொகை எழுத வேண்டிய பத்தியில் கடைப் பையன் ஓரிடத்தில் "பாக்கி" என்று எழுதி வைத்திருந்தால் போதும், பைவட் குரூப் செய்ய மாட்டேன் என்று சாதிக்கும். ஒரே டேட்டாவிலிருந்து எடுத்த இரண்டு பைவட் உள்ளே ஒரே கேஷை (மென்பொருள் எடுத்து வைத்திருக்கிற டேட்டா நகல்) பகிர்ந்துகொண்டிருந்தால், ஒன்றில் ஸ்லாபை மாற்றினால் மற்றதும் சொல்லாமல் கொள்ளாமல் மாறும். இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது: ஒரே எக்செல்லுக்குள் பைவட் குரூப் 500-ஐ மேல் ஸ்லாபில் போடும், அதாவது 500-இலிருந்து தொடங்குகிற ஸ்லாபில், ஃப்ரீக்வென்சி ஃபார்முலாவும் ஹிஸ்டோகிராம் சார்ட்டும் அதே 500-ஐக் கீழ் ஸ்லாபில் போடும், 500 வரை என்கிற ஸ்லாபில். இரண்டையும் ஒரே ஷீட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏன் எண்ணிக்கை இடிக்கிறது என்று ஒரு முழு மத்தியானம் தேடியிருக்கிறேன்.

இரண்டாவது, சம எண்ணிக்கை. அகலத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்லாபிலும் இத்தனை பேர் என்று பிரிப்பது. எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி) என்டைல், எக்செல்லில் பர்சென்டைல் வைத்துச் செய்வார்கள். நம் பத்து பில்லை ஐந்தாகப் பிரித்தால் இரண்டிரண்டாக அழகாக வந்து விழும், கடைசி ஜோடி மட்டும் 2,400-உம் 86,000-உம். மலேசியாவில் இருக்கிற மகளுக்குப் பலகாரம் கட்டிக்கொண்டு போகிறவரும் கல்யாண வீட்டுக்காரரும் ஒரே பந்தியில்! இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, சமமான இரண்டு தொகையை என்டைல் சில சமயம் ஆளுக்கொரு ஸ்லாபில் பிரித்துப் போட்டுவிடும், எண்ணிக்கை சமமாக வர வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குக் கவலை. அப்புறம், அடுத்த மாதம் எல்லைகளே நகர்ந்துவிடும், ஆகவே போன மாதத்தோடு ஒப்பிட வழி இல்லை. முதல் பத்து சதவீத வாடிக்கையாளர்கள் யார், தீபாவளிக்கு யாருக்கு ஒரு டப்பா அனுப்பலாம் என்ற மாதிரிக் கேள்விக்கு இது சரி. மாதாந்திர ரிப்போர்ட்டுக்கு நான் தொடுவதில்லை.

எல்லை எங்கே என்பதை ஆச்சியிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை. "எனக்கு மூணு பேருதான் தம்பி. சாயங்காலம் காப்பிக்கு வாங்க வர்றவுக, ஊருக்குப் போறப்ப சிங்கப்பூரு மலேசியான்னு கட்டிக்கிட்டுப் போறவுக, கல்யாண வீட்டுக்காரவுக. இந்த மூணு பேரும் எம்புட்டு வாங்குறாகன்னு சொல்லுங்க, போதும்." 500 வரை, 5,000 வரை, அதற்கு மேல். நம் பத்து பில்லில் ஆறு பில் சேர்ந்து 1,950 ரூபாய், மூன்று சேர்ந்து 4,190, ஒன்றே ஒன்று 86,000, அதாவது எண்ணிக்கையில் பத்தில் ஒன்று, பணத்தில் 93 சதவீதம். பட்டனும் என்டைலும் சொல்லாததை ஆச்சியின் இரண்டு கோடு சொல்லிவிட்டது. எண்ணிக்கையை மட்டும் காட்டுகிற ஸ்லாப் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம், பக்கத்திலேயே தொகையும் வேண்டும்.

சரி, எல்லை கிடைத்துவிட்டது. அதை எங்கே எழுதுவது?

மூன்றாவது வழியில் ஃபார்முலாவிலேயே எழுதிவிடலாம். எக்செல்லில் இஃப், பவர் பிஐயில் ஸ்விட்ச், டேப்லோவில் இஃப் எல்ஸ்இஃப், எஸ்கியூஎல்லில் கேஸ் வென். பெயர் வேறானாலும் எல்லாம் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துகிற இடத்தில் நின்றுவிடும். கோட்டின் மேல் நிற்கிற எண்ணுக்கு நாமே தீர்ப்புச் சொல்லலாம் என்பது இதன் பெரிய பலம். "500-உம் அதற்குக் கீழும்" என்று எழுதினால் 500 கீழே, "500-க்குக் கீழே" என்று மட்டும் எழுதினால் மேலே. மூன்று நான்கு ஸ்லாப், ஒரே ரிப்போர்ட், எல்லை இனி மாறப்போவதில்லை என்றால் தாராளமாக இதிலேயே நிற்கலாம், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

கெட்டுப்போவது இப்படி. சிலர் 0–499, 500–999 என்று இரண்டு முனையையும் எழுதுவார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கும். தள்ளுபடி போக 499.50 என்று ஒரு பில் வந்தால் அதற்கு வீடே கிடையாது, கடைசி எல்ஸில் போய் "மற்றவை" என்று ஒதுங்கும். எஸ்கியூஎல்லில் தொகையே எழுதாத பில்லும் அதே மற்றவைக்குத்தான் போகும், எக்செல் அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு முதல் ஸ்லாபில் போடும். இரண்டு முனை இல்லாமல் 500 வரை என்று மட்டும் எழுதியிருந்து, திருப்பி வாங்கிய பலகாரத்துக்கு மைனஸில் தொகை இருந்தால், அது சத்தமில்லாமல் காப்பிக்கு வாங்க வந்தவர்களோடு சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் ஒரு ஃபார்முலாவில் நடந்தால் திருத்திவிடலாம். ஆனால் ஃபார்முலா காப்பி எடுக்கப்படும். கடை ரிப்போர்ட்டில் ஒன்று, ஆன்லைன் ஆர்டர் ரிப்போர்ட்டில் ஒன்று, ஆடிட்டருக்கு அனுப்புகிற ஷீட்டில் ஒன்று. ஆறு மாதம் கழித்து 5,000-ஐ மாற்றச் சொன்னால் இரண்டில் மாற்றி மூன்றாவதை மறந்திருப்போம்.

நான்காவது, தனி அட்டவணை. என் வாக்கு இதற்குத்தான். ஒரு சின்ன ஷீட்: வரிசை எண், ஸ்லாபின் பெயர், எல்லை. ரிப்போர்ட் எதுவானாலும் இந்த ஷீட்டைப் பார்த்துத்தான் பெயர் வைக்கும். ஒரே ஒரு எல்லையை மட்டும் எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன், ஏனென்றால் கீழ் எல்லை மேல் எல்லை இரண்டையும் எழுத விட்டால் என்றைக்காவது ஒரு நாள் நடுவில் சந்து விழும், இல்லாவிட்டால் இரண்டு ஸ்லாப் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். எஸ்கியூஎல்லில் பிட்வீன் இரண்டு முனையையும் உள்ளே சேர்க்கும், 0–500, 500–5,000 என்று எழுதிச் சேர்த்தால் 500 ரூபாய் பில் இரண்டு தடவை வரும், மொத்த விற்பனை உப்பிவிடும். உப்பின கணக்கைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பதுதான் இதில் மோசம்.

எந்த எல்லையை எழுதுவது, கீழா மேலா? இங்கேதான் என் 7,500 விழுந்தது. விலுக்கப்பைத் தோராயப் பொருத்தமாகப் போட்டால் அது கீழ் எல்லைக்காரன். தேடுகிற எண்ணுக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்துச் சிறிய வரியைப் பிடிக்கும், 7,500 என்று தொடங்குகிற வரி இருந்தால் 7,500-ஐ அங்கேதான் வைக்கும். (எல்லைகள் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியிருக்கவும் வேண்டும், கலைந்திருந்தால் தப்பான விடையைக் கூசாமல் தரும்.) நம் சட்டத்திலும் கட்டணத்திலும் "இவ்வளவு வரை" என்ற பேச்சுதான் அதிகம், அது மேல் எல்லைப் பேச்சு. 7,500-ஐ 7,500.01 என்று மாற்றிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேலை செய்யும், ஆனால் அடுத்த ஆள் அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடுவார். நான் செய்தது, மேல் எல்லைகளை எழுதிவிட்டு, எக்ஸ்லுக்கப்பில் பொருத்த முறையை 1 என்று கொடுத்தது. சமமானது, இல்லாவிட்டால் அடுத்துப் பெரியது. கடைசி வரிக்கு எட்டாத ஒரு பெரிய எண். எக்ஸ்லுக்கப் எக்செல் 2021-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும்தான் உண்டு. பழைய எக்செல் என்றால் எல்லைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மேட்ச்சில் -1 போட்டு இன்டெக்ஸோடு சேர்க்கலாம், அதே விடைதான்.

பவர் பிஐயில் இந்த அட்டவணைக்கும் பில்லுக்கும் நேராக உறவுக் கோடு போட முடியாது, அது சமமான மதிப்புகளைத்தான் பொருத்தும், வரம்பைப் பொருத்தாது. ஒரு கணக்கிட்ட பத்தியில் அட்டவணையைத் தேடிப் பெயரை எடுத்து வைக்க வேண்டும். கொஞ்சம் வேலைதான், ஒரே தடவை.

அட்டவணையில் வரிசை எண் எதற்கு என்றால், ஸ்லாபின் பெயர் எழுத்து, எண் அல்ல. வரிசைப்படுத்தச் சொன்னால் மென்பொருள் எழுத்தாகத்தான் பார்க்கும்: 0-500, 1000-5000, 10000-25000, 500-1000, 5000-10000. பத்தாயிரம் ஐந்நூறுக்கு முன்னால் போய் நிற்கும். பவர் பிஐயில் பெயர்ப் பத்தியைத் தேர்ந்து வேறு பத்தியின்படி வரிசைப்படுத்து என்று இந்த எண்ணைக் கைகாட்டிவிட்டால் தீர்ந்தது. மாதப் பெயரிலும் இதே கூத்துதான், இங்கிலீஷ் அகரவரிசையில் ஏப்ரல் முதலில் வந்து நிதியாண்டு சரியாகத் தொடங்கிவிட்டது போலத் தோன்றும், அடுத்தது ஆகஸ்ட் வந்ததும்தான் தெரியும். இன்னொன்று, எக்செல்லில் ஸ்லாபுக்கு 5-10 என்று டைப் செய்தால் அது தேதியாகிவிடும். "5 முதல் 10 வரை" என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள், அதைத் தேதியாக்க அதற்குத் தெரியாது.

எந்த வழியை எடுத்தாலும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எதைப் பிரிக்கிறோம், பில்லையா ஆளையா? பழைய நகரத்தார் கணக்கில் குறிப்பேடு நாள் வாரியாகப் போகும், பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பில்லை ஸ்லாப் போடுவது குறிப்பேட்டுக் கேள்வி, வாடிக்கையாளரை ஸ்லாப் போடுவது பேரேட்டுக் கேள்வி. மாதம் இருபது தடவை 400 ரூபாய்க்கு வாங்குகிற டீக்கடைக்காரர் பில் கணக்கில் சில்லறை ஆள், ஆள் கணக்கில் 8,000 ரூபாய் ஆள். பட்டன் வழி இங்கே கை கொடுக்காது. பவர் பிஐயின் குரூப் பத்தியில்தான் வேலை செய்யும், மெஷரின் (பார்க்கிற நேரத்தில் கணக்கிடுகிற ஃபார்முலா) மேல் செய்யாது. டேப்லோவில் ஃபிக்ஸ்டு போட்டு ஆள் வாரிக் கூட்டை முதலில் எடுக்க வேண்டும், எஸ்கியூஎல்லில் முதலில் ஆள் வாரியாகக் கூட்டி அப்புறம் ஸ்லாப். பவர் பிஐயில் கணக்கிட்ட பத்தியில் ஆள் ஸ்லாபை வைத்தால் அது டேட்டாவை ரெஃப்ரெஷ் செய்கிற நேரத்தில் கணக்கிட்டதோடு சரி, ஸ்லைசரில் (வடிகட்டிப் பார்க்கிற கட்டம்) ஐப்பசியை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் வருஷத்து ஸ்லாபையே காட்டும். மாதத்துக்கு மாதம் ஆள் ஸ்லாப் மாற வேண்டுமென்றால் அட்டவணையை உறவில்லாமல் தனியாக விட்டு மெஷரில் எழுத வேண்டும். அது நிஜமாகவே தேவைதானா என்று இரண்டு தடவை கேளுங்கள், பெரும்பாலும் தேவை இருக்காது.

வர வேண்டிய பாக்கியை நாள் வாரியாகப் பிரிப்பது மட்டும் தனி ரகம். டாலிபிரைம் என்கிற கணக்கு மென்பொருளில் பாக்கி ரிப்போர்ட்டிலேயே வயது வாரியாகப் பிரிக்கிற வசதி இருக்கிறது, பில் தேதியிலிருந்தா கெடு தேதியிலிருந்தா என்றும் கேட்கும். அங்கே இருப்பதை எக்செல்லுக்கு இழுத்து வந்து மறுபடி செய்வது வீண் வேலை. எல்லையை மட்டும் யோசித்து வையுங்கள். எல்லோரும் 30, 60, 90 என்றே போடுகிறார்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்து தருகிற ஒருவர், குறு சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர், அவருக்கு நான் 15, 45 என்று போட்டேன். காரணம், 2006-ஆம் வருஷத்துக் குறு சிறு நடுத்தர நிறுவனச் சட்டப்படி அவரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். கெடு தாண்டினால், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, வருமான வரிக் கணக்கில் பணம் தருகிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச்சில் 45-ஐ நெருங்குகிற பாக்கிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு போன் போட்டால் எதிர்முனையில் மரியாதையாகப் பேசுகிறார்களாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் என்றால் கம்பெனிச் சட்டத்தின் 2021-இல் திருத்திய அட்டவணை 3 இருக்கிறது, ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு, மூன்று, அதற்கு மேல் என்று சட்டமே கோடு போட்டுக் கொடுத்துவிட்டது. இன்றைய தேதி ஃபார்முலாவை வைத்து வயது கணக்கிடாதீர்கள், நாளைக்குத் திறந்தால் எல்லாம் ஒரு நாள் மூத்திருக்கும். மாதக் கடைசித் தேதியை ஒரு செல்லில் எழுதிக் கணக்கிடுங்கள்.

ஆச்சி கடைக்கு அட்டவணைதான் போட்டேன், ஆன்லைன் ஷீட்டில், அவர்கள் போனிலேயே திறந்து மாற்றும்படி. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு யாரிடமும் சொல்லாமல் 5,000-ஐ 3,000 ஆக்கிவிட்டார்கள். "இப்பல்லாம் மூவாயிரத்துக்கே விசேஷ வீடு முடிச்சுக்கிறாக தம்பி" என்றார்கள். நியாயம்தான், ஆனால் போன வருஷத்து எண்களும் சேர்ந்து மாறிவிட்டன, ஏற்கெனவே அச்செடுத்துக் கொடுத்த ரிப்போர்ட்டோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன். ஹோட்டல் அட்டவணையிலும் அதையே செய்தேன், அங்கே 2025 செப்டம்பர் 21 வரை 7,500-க்குள் 12 சதவீதம், மறுநாளிலிருந்து 5, ஒரே மாதத்துக்குள் இரண்டு விகிதம். ஆச்சியின் ஷீட்டில் இப்போது மூன்றுக்கு ஆறு வரி இருக்கிறது. பழைய மூன்று வரியை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன்.